சக்கர நட்டு: எடையா, பிடிப்பா?

(இளம் அறிவியல், இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

தேருக்கு அச்சாணி எப்படியோ, காருக்குச் சக்கர நட்டு அப்படி. உருவில் சிறியது, பொறுப்பில் பெரியது. இந்தப் பாடத்தை நான் வகுப்பறையில் கற்கவில்லை. பழனிச் சாலையில் கற்றேன்.

சென்ற தை மாதம் ஒரு மாலை. என் பெரியப்பா மகன் தம் பழைய மாருதி 800 காருக்கு அலாய் வீல் மாட்டி, வண்ணம் பூசிய அலுமினிய நட்டுகளையும் வாங்கிப் பூட்டியிருந்தார். “எடை குறைஞ்சா வண்டி பறக்கும்டா” என்றார். ஒட்டன்சத்திரம் நோக்கிச் செல்கையில் முன் சக்கரத்தில் கடகடவென்று ஓசை, ஸ்டியரிங் நடுங்கியது. இறங்கிப் பார்த்தோம். நான்கு நட்டுகளில் இரண்டு விரலாலேயே சுழன்றன. சாலையோரத்தில் பழனிக்குப் பாதயாத்திரை செல்லும் கூட்டம், கைக்குழந்தைகளோடு எங்களைக் கடந்து நடந்தது. சக்கரம் கழன்று ஓடியிருந்தால்? அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

எடை எவ்வளவு குறையும்?

ஒரு கன சென்டிமீட்டர் எஃகு சுமார் 7.85 கிராம், டைட்டானியம் 4.5, அலுமினியம் 2.7. எஃகு நட்டு ஒன்றின் எடை 50 கிராம் எனக் கொள்வோம். அதே வடிவில் டைட்டானிய நட்டு 29 கிராம், அலுமினிய நட்டு 17 கிராம் இருக்கும். 16 நட்டுகளையும் அலுமினியமாக மாற்றினால் மிச்சம் அரைக் கிலோ. சுமார் 650 கிலோ எடையுள்ள காரில் இது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

‘சுழலும் பொருளாயிற்றே’ என நண்பர்கள் வினவலாம். நட்டு சக்கர மையத்திலிருந்து 5 செ.மீ. தொலைவில் உள்ளது, டயரின் விளிம்போ 25 செ.மீ. தொலைவில். நிலைமத் திருப்புத்திறன் தொலைவின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே சுழற்சியைப் பொறுத்தவரை டயர் விளிம்பில் குறையும் ஒரு கிராம், நட்டில் குறையும் 25 கிராமுக்குச் சமம்.

சக்கரத்தைப் பிடிப்பது எது?

சக்கரம் போல்ட்டின் மேல் வெறுமனே தொங்குவதில்லை. நட்டை இறுக்கும்போது போல்ட் மிகச் சிறிதளவு நீண்டு, இழுத்த ரப்பரைப் போல, சக்கரத்தை ஹப்போடு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் எழும் உராய்வே பிடிப்பு. 12 மி.மீ. போல்ட்டில் 100 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை கொடுத்தால், உராய்வுக்கான மாறிலியை 0.2 எனக் கொண்டு, சுமார் 41,700 நியூட்டன் அழுத்தம் கிடைக்கும். அதாவது நான்கு டன்னுக்கு மேல்! மரையில் எண்ணெய் பூசி மாறிலி 0.15 ஆகக் குறைந்தால், அதே திருப்பில் அழுத்தம் 55,600 நியூட்டன் ஆகிவிடும், போல்ட்டுக்கு ஆபத்து.

எங்கள் தவறு எங்கே?

ஒர்க்‌ஷாப் மேஸ்திரி நட்டைக் கழற்றிக் காட்டினார். “தம்பி, வீலோட குழி கூம்பு, இந்த நட்டோட முகம் உருண்டை. எங்கே உட்காரும்?” முழுப் பரப்பும் பொருந்தாமல் மெல்லிய வளையம் மட்டுமே உரசிப் பளபளத்திருந்தது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் திண்டுக்கல் பூட்டும் இதையே சொல்கிறது: சாவி துளைக்குள் நுழைந்தால் போதாது, உள்ளிருக்கும் நெம்புகோல்களோடு பொருந்த வேண்டும்.

பந்தயக் காரின் கதை வேறு. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் ஓடும் கார்களைக் கவனிக்க ஆட்கள் உடனிருப்பார்கள். அப்படியிருந்தும் பிழை நேர்வதுண்டு. 2021 மொனாக்கோ ஃபார்முலா 1 பந்தயத்தில் இரண்டாம் இடத்தில் ஓடிய வால்ட்டேரி போட்டாஸின் சக்கர நட்டு, கழற்றும் கருவியால் தேய்ந்து கழலவே மறுத்தது. அவர் பந்தயத்தை விட்டு விலக நேர்ந்தது. நம் காரின் நட்டையோ மாதக்கணக்கில் யாரும் தொடுவதில்லை.

ஆகவே நட்டு வாங்குவோர் முதலில் மரையின் அளவையும், அடுத்து முகத்தின் வடிவத்தையும், பிறகு உலோகத்தின் வலிமையையும் பார்க்க வேண்டும். எடை கடைசி. அலுமினிய மரை எளிதில் சிதையும். டைட்டானியம் வலியது, ஆனால் விலை மிகுதி. எந்த நட்டாயினும் டார்க் ரெஞ்சால் அளவாக இறுக்கி, நூறு கிலோமீட்டருக்குள் மீண்டும் சோதிப்பது நன்று.

அண்ணன் இப்போது எஃகு நட்டுக்கே திரும்பிவிட்டார். அரைக் கிலோ கூடியது. அடுத்த தையில் அச்சமின்றி அதே சாலையில் செல்வோம்.