பிரிட்டனின் சாம்பல் அணில் எங்கிருந்து வந்தது?

கேள்வி: லண்டனில் மகன் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். தோட்டத்தில் ஊன்றிய துலிப் கிழங்குகளைச் சாம்பல் நிற அணில்கள் தோண்டித் தின்றுவிட்டன. பரணுக்குள் புகுந்து மின்கம்பியையும் கடித்து வைத்தன. இவை அந்த ஊர் அணில்கள்தானா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: இல்லை அம்மா. அவற்றின் பூர்வீகம் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி. நம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டில் இருக்கும் சாம்பல் நிற மலை அணில் வேறு இனம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அயல்நாட்டு விலங்குகளைத் தோட்டத்தில் உலவவிடுவது 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயச் செல்வந்தர்களுக்குப் பெருமையாக இருந்தது. 1876இல் செஷயரில் உள்ள ஹென்பரி பார்க்கில் தாமஸ் பிராக்கில்ஹர்ஸ்ட் என்பவர் ஒரு ஜோடி சாம்பல் அணில்களை அவிழ்த்துவிட்டார். 1890இல் வோபர்ன் அபே மாளிகைத் தோட்டத்திலும் விட்டார்கள். அங்கே பெருகியவற்றைப் பெட்ஃபோர்டின் 11ஆம் கோமகன் ஹெர்பிரண்ட் ரஸ்ஸல் பல ஊர்களுக்கும், லண்டன் ரீஜண்ட் பூங்காவுக்கும் அனுப்பிவைத்தார். 1911இல் அயர்லாந்துக்கு அவை போய்ச் சேர்ந்ததோ ஒரு கல்யாணப் பரிசாக! அழகுக்காகக் கொண்டுவந்த அணில், இப்படித்தான் நாடெங்கும் பரவியது.

அணிலின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்த்தால்தான் அதனால் வாழ முடியும். பரணில் மரச்சட்டமும் மின்கம்பியும் அதற்கு ஒன்றுதான். கம்பியின் உறை போனால் வீடே தீப்பற்றும் ஆபத்து உண்டு. காட்டில் பீச், ஓக் போன்ற இளமரங்களின் பட்டையை உரித்துவிடும். அடிமரத்தைச் சுற்றிலும் பட்டை போனால் மரம் பட்டுப்போகும்.

இதைவிடப் பெரிய இழப்பு, அந்த மண்ணுக்கே உரிய செவ்வணிலுக்கு நேர்ந்தது. சாம்பல் அணில் உருவத்தில் பெரியது. ஓக் கொட்டைகளைச் செவ்வணிலைவிட நன்றாகச் செரிக்கக்கூடியது. இரைக்கான போட்டியில் அதுவே ஜெயித்தது. போதாததற்கு, அது சுமந்து திரியும் ஒருவகை அம்மை வைரஸ் அதை ஒன்றும் செய்வதில்லை, செவ்வணிலையோ கொன்றுவிடுகிறது. இங்கிலாந்தின் பெரும்பகுதியில் இன்று செவ்வணில் இல்லை.

1937இல் சாம்பல் அணிலை இறக்குமதி செய்யவும் வளர்க்கவும் சட்டம் தடை விதித்தது. 1950களில் ஒரு வாலுக்கு ஒரு ஷில்லிங் என்று அரசு சன்மானமும் கொடுத்தது. எண்ணிக்கை குறையவில்லை. நாற்புறமும் கடல் சூழ்ந்த வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் மட்டும், 1998இல் தொடங்கிய ஒழிப்பு வேலை ஏறத்தாழ 15 ஆண்டுகளில் பலித்தது. சாம்பல் அணில் அகன்றது, செவ்வணில் திரும்பியது.

தன் காட்டில் இருந்தவரை அந்த அணில் குற்றம் எதுவும் செய்யவில்லை. தூக்கி வந்தவர்கள் மனிதர்கள். நம் ஏரிகளில் மீன்தொட்டிச் சக்கர் மீன்கள் பெருகிக் கிடப்பதும் இதே கதைதான். வளர்த்துச் சலித்த அயல்நாட்டு உயிர் எதையும் ஏரியிலோ காட்டிலோ கொண்டுபோய் விடாதீர்கள். விடுவதற்கு ஒரு நிமிடம் போதும். திரும்பப் பிடிக்க ஒரு தலைமுறையும் போதாது.