சிலம்புக்குள் என்ன இருக்கிறது?

நான் மெக்கானிக்கல் இஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கலைக்கும் எனக்கும் ரொம்ப தூரம். ஆனாலும் போன செமஸ்டர் விடுமுறையில் நானும் மூன்று நண்பர்களும் சேர்ந்து ஏழு நிமிடக் கலைக் குறும்படம் ஒன்று எடுத்தோம். முதல் தடவை சொதப்பிவிட்டோம். இரண்டாம் தடவை ஓரளவு தேறினோம். இடையில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் எடுத்துக்கொண்டது சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை. பள்ளியில் கண்ணகி என்றாலே பேச்சுப் போட்டிதானே? அந்தப் பழக்கத்தில் வசனமாக எழுதித் தள்ளினேன். எங்கள் நாயகியும் நான்கு நிமிடம் மூச்சுவிடாமல் பேசினாள். போட்டுப் பார்த்தால், யாரோ மேடை நாடகத்தைக் கைப்பேசியில் பதிவு செய்த மாதிரி இருந்தது.

மறுபடியும் காதையைப் படித்தேன். அப்போதுதான் உறைத்தது. கண்ணகி என்னதான் பேசினாலும் வழக்கு பேச்சால் தீரவில்லை. அரசியின் சிலம்பில் முத்துப் பரல், இவள் சிலம்பில் மாணிக்கப் பரல். உடைத்தாள், மாணிக்கம் மன்னன் வாயருகே தெறித்தது. அவ்வளவுதான், வழக்கு முடிந்தது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், உண்மை உள்ளே இருக்கிறது. இளங்கோவடிகள் நமக்கு க்ளோசப்பே எழுதிக் கொடுத்திருக்கிறார்! இலக்கியத்திலிருந்து படம் எடுக்க ஆசைப்பட்டால் முதலில் இதைத் தேடுங்கள். கதையைத் திருப்பும் பொருள் எது? அது கண்ணுக்கு எப்படித் தெரியும், காதுக்கு எப்படிக் கேட்கும்? வசனமெல்லாம் அப்புறம்.

அரவிந்தனின் 'காஞ்சன சீதா' (1977) என்ற மலையாளப் படத்தையும் பாருங்கள். சி.என். ஸ்ரீகண்டன் நாயரின் நாடகத்திலிருந்து எடுத்தது. ஆனால் படத்தில் பேச்சு மிகக் குறைவு. சீதை உருவமாக வரவே மாட்டாள், காற்றும் இலையசைவுமாக இயற்கையாகவே வருவாள். கொஞ்சம் பொறுமை வேண்டும், நான் முதல் தடவை தூங்கிவிட்டேன்.

அதற்காக மேடையைத் தூக்கி எறியவும் வேண்டாம். தெருக்கூத்தில் முக்கியமான பாத்திரம் சட்டென்று வந்து நிற்காது. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள், அதன் பின்னால் ஆட்டம் நடக்கும். காக்க வைத்தே நம்மைத் தயார்படுத்திவிடுவார்கள். இதை அப்படியே எடுத்துக்கொண்டோம். இரண்டு நிமிடம் வரை நாயகியின் முகத்தைக் காட்டவில்லை. வரிசையில் நகரும் செருப்பும், கையில் ஆடும் டிபன் கேரியரும் மட்டும்தான்.

அந்தக் கேரியர்தான் எங்கள் சிலம்பு. மோட்டாரில் வேலைக்குப் போகும் வழியில் ஒருவர் விபத்தில் இறந்துவிடுகிறார். அவர் வேலைக்கு வரவில்லை, சொந்தக் காரியமாக எங்கோ போனார் என்கிறது ஓர் அலுவலகம். மனைவி எதுவும் பேசாமல் கேரியரைக் கவுண்டரில் வைத்துத் திறக்கிறாள். மூன்று அடுக்கும் நிறைந்திருக்கிறது. விபத்து நடந்து பல வாரம் ஆகியும் சோற்றில் ஆவி பறக்கிறது. இஞ்சினியரிங் படிக்கிறவன் இப்படி எழுதலாமா என்று நண்பன் கேட்டான். மாணிக்கம் மன்னன் வாய்வரைக்கும் பறக்கலாமா என்று நான் திருப்பிக் கேட்டேன்.

கதை கற்பனை இல்லை. எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பாவுக்கு நடந்தது. "சோறு கட்டிக் கொடுத்தேன் சார்" என்று அம்மா சொன்னதை அன்றைக்கு யாரும் காதில் வாங்கவில்லை. திறந்து காட்ட அவர் கையில் எதுவும் இல்லை.

சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். கேரியர் கொக்கி விடுபடும் 'டக்' சத்தத்துக்காக இரவில் ஃபேனை அணைத்துவிட்டு, போர்வைக்குள் உட்கார்ந்து இருபது தடவையாவது எடுத்திருப்போம்.

படப்பிடிப்பு அன்று காலை, காலிக் கேரியரோடு கிளம்பினேன். ஆவியைச் சுடுதண்ணீர் வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பு. அம்மா வாங்கி வைத்துக்கொண்டார். சோறு, பருப்பு, நெத்திலி சம்பல். அப்பாவுக்குக் கட்டியதே அதுதானாம், எனக்கு அதுவரை தெரியாது. ஒரே டேக்கில் முடிந்தது. அப்புறம் நாலு பேரும் உட்கார்ந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டோம்.