வலி மாத்திரைகள்: சீட்டின்றி வாங்குவதும் சீட்டுடன் வாங்குவதும்

உறையூரில் தறியில் குனிந்து நெய்யும் அங்கத்தினருக்கு முதுகுவலியும், ஸ்ரீரங்கம் பக்கத்தில் வாழைத்தார் சுமக்கும் அங்கத்தினருக்குத் தோள்வலியும் புதியவை அல்ல. வலிக்கு மாத்திரை வாங்குமுன், அதில் இருவகை உண்டென்பதை அறிதல் நலம்.

முதல் வகை, டாக்டர் சீட்டின்றிக் கிடைப்பது. பாராசிட்டமால் இதற்கு உதாரணம். இது வலியையும் ஜுரத்தையும் தணிக்கும், பழக்கத்துக்கு அடிமையாக்காது. ஆயினும் அளவு மீறினால் கல்லீரல் கெடும். வளர்ந்தவர் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை 8-க்கு மேல், உட்கொள்ளலாகாது. மது அருந்துவோருக்கு இதனினும் குறைவே தகும். ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றிலும் இம்மருந்து கலந்திருப்பதால், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டாம் வகை, அபினி இனத்தைச் சேர்ந்தது. மார்பின், கோடீன், டிராமடால் ஆகியவை இவ்வகையின. இவை மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்து வலியுணர்வை மழுக்குகின்றன. மயக்கமும் மலச்சிக்கலும் உண்டாகும். அளவு மிஞ்சினாலோ, மதுவுடனோ தூக்க மாத்திரையுடனோ சேர்ந்தாலோ, சுவாசமே நின்றுவிடக்கூடும். நெடுநாள் உட்கொண்டால் சரீரம் அதற்கு அடிமையாகிவிடும்.

ஆகவேதான் டிராமடால் 2018-இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. இதனை விற்கும் மருந்துக்கடைக்காரர் நோயாளியின் பெயரையும், சீட்டுத் தந்த டாக்டரின் பெயரையும், விற்ற அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கடன் பத்திரமும் பேரேடும் நம் சங்கத்தைக் காப்பதுபோல, அப்பதிவேடு நோயாளியைக் காக்கிறது. அது தொல்லை என்று எண்ணலாகாது.

சீட்டுடன் வருவதே எவ்வலிக்கும் சிறந்தது என்பதும் தவறு. அமெரிக்காவில் நாட்பட்ட முதுகுவலி, மூட்டுவலி உடைய 240 பேரை ஓராண்டு கவனித்த ஆராய்ச்சியொன்று 2018-இல் வெளியாயிற்று. அபினி இன மருந்துகள் மற்ற மருந்துகளைவிட அதிகப் பயன் தரவில்லை என்றே அதில் தெரிந்தது.

எனினும், புற்றுநோயின் கொடுவலிக்கு டாக்டர் மார்பின் எழுதித் தந்தால், அஞ்சி மறுத்தல் வேண்டாம். அத்தகையோருக்கு அது எளிதில் கிடைக்க வேண்டுமென்றே 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது.

அங்கத்தினர்கள் மூன்றை மனத்திற் கொள்க. அண்டை வீட்டார் மீதம் வைத்த மாத்திரையை வாங்கி உண்ணாதீர்கள். அட்டையில் சிவப்பாக 'என்.ஆர்.எக்ஸ்.' குறி இருப்பின், சீட்டின்றிக் கேட்காதீர்கள். வலி சில நாட்களில் தணியாவிடினும், கால் மரத்துப்போயினும், மாத்திரையை மாற்றிக்கொண்டிராமல் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உழைக்கும் உடலே நம் முதல் மூலதனம்.