இஞ்சி எதுவரை? ஆஸ்பத்திரி எப்போது?



இந்த மாதப் பாடம் நம் எல்லோர் அடுப்படியிலும் இருக்கும் இஞ்சியைப் பற்றியது. "இஞ்சியில என்ன பாடம்? எங்களுக்குத் தெரியாததா?" என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்த பொருள்தான். ஆனால் அது எதுவரை உதவும் என்ற எல்லை தெரியாததால் நம் அக்கா ஒருவர் பட்ட கஷ்டத்தைப் பார்த்த பிறகு, இதைக் குழுவில் பேசியே ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன்.

நடந்தது என்ன?

அந்த அக்கா பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் சுக்கு காபி விற்பவர். 14 கிலோமீட்டர் நடக்கிறவர்களுக்கு நடு ராத்திரியில் சூடான சுக்கு காபி எவ்வளவு தெம்பு என்று நமக்குத் தெரியும். ஒரு பௌர்ணமியில் நான் அவரிடம் காபி வாங்கிக் குடித்தபோது, நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார். "நெஞ்சு ஒரு மாதிரி அழுத்துது. வாயு போல இருக்கு. இஞ்சிச் சாறு குடிச்சிருக்கேன், சரியாப் போயிடும்" என்றார். நானும், "நேரத்துக்குச் சாப்பிட்டிருக்க மாட்டீங்கக்கா, வாயுவாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வேர்த்து ஊற்றியும் கேன் காலியான பிறகுதான் அவர் வீட்டுக்குப் போனார். மறுநாள் மதியம் மூச்சு வாங்கியபோது மருமகள் 108-க்கு போன் செய்தார். அது வாயு இல்லை, மாரடைப்பு. உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் "ராத்திரியே வந்திருந்தால் இதயம் இவ்வளவு பாதிக்கப்பட்டிருக்காது" என்று டாக்டர் சொன்னார். இப்போது அவரால் கேனைத் தூக்க முடியாது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. படித்த நானே அன்று தவறாகச் சொன்னேன். அந்த வருத்தத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

இஞ்சியும் சுக்கும்

இஞ்சியை வேர் என்று நினைக்கிறோம். உண்மையில் அது மண்ணுக்குள் வளரும் தண்டு. காயவைத்தால் சுக்கு. சுமார் 5 கிலோ பச்சை இஞ்சி காய்ந்தால் 1 கிலோ சுக்குதான் கிடைக்கும். இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்செரால் என்ற பொருள். காயும்போது இதில் ஒரு பகுதி ஷோகால் என்ற இன்னும் காரமான பொருளாக மாறுகிறது. அதனால்தான் இஞ்சியை நறுக்கிப் போடும் நாம், சுக்கைச் சிட்டிகையாகப் போடுகிறோம்.

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். டெங்கு காலத்து நிலவேம்புக் குடிநீரிலும், 2020 கொரோனா சமயத்தில் கொடுத்த கபசுரக் குடிநீரிலும் சுக்கு உண்டு.

"சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கடுக்காயில் கொட்டையை நீக்கவேண்டும், சுக்கில் மேல்தோலைச் சீவவேண்டும் என்பது அதன் பொருள். இஞ்சிச் சாறு எடுத்தாலும் அப்படியே குடிக்காதீர்கள். சிறிது நேரம் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். மேலே உள்ள தெளிவை மட்டும் எடுங்கள்.

எதற்கு உதவும்?

• சாப்பாடு செரிக்காமல் வயிறு உப்பினால்: ஒரு தேக்கரண்டி இஞ்சித் தெளிவை வெந்நீரில் கலந்து குடிக்கலாம். மோரில் இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு சேர்ப்பதும் நல்லது. பொங்கலிலும் பருப்பிலும் இஞ்சி போடும் வழக்கம் காரணத்தோடுதான் வந்தது.

• சாதாரண சளி, தொண்டைக் கரகரப்பு: சுக்கு மல்லி காபி இதமாக இருக்கும். சளியை அது விரட்டிவிடாது. உடம்பு தானே சரியாகும்வரை ஆறுதல் தரும்.

• மசக்கை வாந்தி: கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் வரும் குமட்டலுக்கு இஞ்சி எடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2016-ல் பரிந்துரை செய்தது. அளவாக எடுங்கள். செவிலியரிடமும் சொல்லிவிடுங்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

அல்சர், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இஞ்சி எரிச்சலைக் கூட்டலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், பித்தப்பையில் கல் உள்ளவர்கள், ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் இஞ்சிச் சாறு, லேகியம் என்று தினமும் எடுக்கக்கூடாது. சமையலில் போடும் அளவு வேறு, மருந்தாகக் குடிக்கும் அளவு வேறு.

பிறந்த குழந்தைக்குச் சுக்கு, வசம்பு, ஜாதிக்காய் இழைத்து உரை மருந்து கொடுக்கும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. ஆயா சொன்னாலும் சரி, மாமியார் சொன்னாலும் சரி, முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும்தான். ஒரு வயது முடியும்வரை தேனும் கொடுக்கக்கூடாது.

இஞ்சி நிற்கும் இடம்

கீழே உள்ளவற்றுக்கு இஞ்சி தட்டிக்கொண்டு உட்காராதீர்கள்.

1. நெஞ்சில் அழுத்தம், பாரம், இறுக்கம். அது கை, தாடை, முதுகுக்குப் பரவுவது. கூடவே வேர்வை, மூச்சு வாங்குதல், வாந்தி. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் கடுமையான வலி இல்லாமலே மாரடைப்பு வரலாம். மேல்வயிற்று எரிச்சல், காரணமில்லாத களைப்பு, மூச்சுத் திணறலாக மட்டும் தெரியும். அதைத்தான் நாம் "கேஸ்" என்று விட்டுவிடுகிறோம்.

2. சளி பிடித்த குழந்தை வேகமாக மூச்சு விடுவது. குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுசாக எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, இந்த அளவைத் தொட்டாலே ஆஸ்பத்திரி. விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் அப்படியே.

3. வயிற்றுப்போக்கில் கண் குழி விழுவது, சிறுநீர் குறைவது. இதற்கு வேண்டியது ஓ.ஆர்.எஸ். கரைசல். அதைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

4. கர்ப்பிணிக்குக் குடித்த தண்ணீர்கூட நிற்காத வாந்தி.

நெஞ்சு அழுத்தம் என்றால் நடக்கவிடாதீர்கள். உட்காரவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். 2008 முதல் நம் மாநிலத்தில் ஓடும் அந்த வண்டிக்குக் காசு கிடையாது. மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைப்பதற்காக 2023-ல் "இதயம் காப்போம்" திட்டம் தொடங்கப்பட்டது. "வெறும் கேஸாக இருந்தால் சிரிப்பார்களே" என்று கூச்சப்படாதீர்கள். கேஸ் என்று தெரிந்தால் சந்தோஷமாக வீட்டுக்கு வரலாம்.

சுக்கு மல்லித் தூள் செய்முறை

தோல் சீவிய சுக்கு 50 கிராம், மல்லி விதை 100 கிராம், மிளகு 10 கிராம், ஏலக்காய் 5. மல்லியை மட்டும் லேசாக வறுத்து, சுக்கை நசுக்கி, எல்லாம் சேர்த்து அரைத்துச் சலியுங்கள். ஒரு டம்ளர் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி தூளும் கருப்பட்டியும் போட்டுக் கொதிக்கவிட்டு வடிகட்டவும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கருப்பட்டியும் சேர்க்காமல் குடிப்பது நல்லது. குழுவாகப் பாக்கெட் போட்டு விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, எடையும் தேதியும் அச்சிட வேண்டும். "சர்வரோக நிவாரணி" என்று மட்டும் அச்சிடாதீர்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

• கடந்த ஒரு வருடத்தில் "வாயு" என்று சொல்லித் தாமதித்த அனுபவம் யாருக்காவது உண்டா?
• ராத்திரியில் உடம்புக்கு முடியாமல் போனால் ஒவ்வொருவரும் முதலில் யாரைக் கூப்பிடுவது?
• 40 வயதைத் தாண்டிய நம் உறுப்பினர்களில் எத்தனை பேர் பி.பி., சர்க்கரை பார்த்திருக்கிறோம்? 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" ஊழியர் வரும்போது எல்லோரும் பார்த்துக்கொள்ள முடியுமா?

பேசி முடித்ததும், அவசர மருத்துவச் செலவுக்குக் குழு நிதியில் எவ்வளவு ஒதுக்கலாம் என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நம் அக்காவின் கேனை இப்போது மருமகள் தூக்குகிறார். அடுத்த பௌர்ணமிக்கு அவரிடம் காபி வாங்கிக் குடித்தால், மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு வாருங்கள்.