கடமையும் கட்டளையும்

தூங்குகிறவர் மீது தொழுகை கடமையா? தூங்குபவர், பருவமடையாத பிள்ளை, சித்தம் கலங்கியவர் ஆகிய மூவர் மீதும் குற்றம் எழுதப்படுவதில்லை என்பது நபி (ஸல்) அவர்களின் அருள்வாக்கு. அப்படியிருந்தும், சுபுஹு வக்து முழுவதும் தூங்கிவிட்டவர் விழித்ததும் அதைக் களாச் செய்தாக வேண்டும். கடமையே இல்லையெனில் களா எதற்கு?

உஸூலுல் பிக்ஹு கலையில் ஹனஃபி இமாம்கள் தரும் விடை இது: கடமை வேறு, அதை நிறைவேற்றச் சொல்லும் கட்டளை வேறு. தவணைக்குச் சரக்கு வாங்கியவரைப் பாருங்கள். வியாபாரம் முடிந்ததுமே கடன் அவர் மீது ஏறிவிடுகிறது. தவணை நாள் வரும்வரை அதைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. அவ்வாறு கடன் ஏறும் பொறுப்பையே 'திம்மா' என்கிறோம். வக்து நுழைந்ததும் தூங்குபவரின் திம்மாவில் தொழுகை ஏறிவிட்டது. கட்டளைதான் அவர் விழிப்பதை எதிர்பார்த்து நிற்கிறது.

பிள்ளைகள் விஷயமும் இத்தகையதே. சிறுவன் ஒருவன் அடுத்தவர் பொருளை உடைத்துவிட்டால் அவனுக்குப் பாவமில்லை. ஆனால் நஷ்டஈடு அவன் சொத்தில் கடமையாகும். இதில் இரு மத்ஹபுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஜகாத்தில்தான் வேறுபாடு. அது வணக்கம், நிய்யத்து வேண்டும், ஆகவே பிள்ளையின் பணத்தில் கடமையில்லை என்பர் ஹனஃபிகள். அது பொருளில் ஏழைகளுக்குள்ள உரிமை, நஷ்டஈட்டைப் போன்றது, ஆகவே கடமையே என்பர் ஷாஃபிஈகள். அப்படியானால் அறியாப் பிள்ளைக்கா கட்டளை? ஹிஜ்ரி 505 (கி.பி. 1111)-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'அல்-முஸ்தஸ்ஃபா'வில் இதற்கு விளக்கம் தருகிறார்கள். கட்டளை பிள்ளைக்கன்று; இப்போது அது வலீயாகிய பொறுப்பாளருக்கு, பருவமடைந்தபின் பிள்ளைக்கு என்பதே அதன் சாரம்.

எத்தீம் பிள்ளைகளின் சொத்தைப் பராமரிப்போர் இதைக் கவனிக்க வேண்டும். "குழந்தைக்கு ஏது கடமை?" என்று ஷாஃபிஈ வலீ இருந்துவிட்டால் அவர் குற்றவாளியாவார், அத்துடன் கொடுபடாத ஆண்டுகளின் ஜகாத் அப்பிள்ளையின் தலையில் கடனாக நிற்கும். நன்மை கருதி ஹனஃபி வலீ அப்பணத்திலிருந்து ஜகாத் எடுத்துக் கொடுத்தாலோ, தமக்கு உரிமையில்லாத பணத்தில் கை வைத்தவராவார். இருவரும் தத்தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டு, ஆண்டுதோறும் கணக்கெழுதி வைப்பார்களாக. கேட்கத் தெரியாதவரின் உரிமையைப் பேணுவதற்கு அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக!