விளையாட்டுக் கணினிக்கு ஒரு கணக்கு

மாணவர்களே, சொந்தமாகப் பாகங்களை வாங்கிப் பூட்டி, விளையாட்டுக் கணினி ஒன்றை உருவாக்க வேண்டும் என்பது உங்களில் பலரின் ஆசை. கையில் இருப்பதோ சேமிப்பும் தீபாவளி அன்பளிப்பும்தான். கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கினால், ஒவ்வொரு பெட்டியிலும் பெரிய பெரிய எண்கள் தெரியும். எந்த எண்ணுக்குப் பணம் கொடுக்கலாம்? நீங்கள் பள்ளியில் படித்த பெருக்கலும் வகுத்தலுமே இதற்குப் பதில் சொல்லும்.

1. திரையிலிருந்து தொடங்குங்கள்

வீட்டில் உள்ள திரை 1920 × 1080 அளவு என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 2,073,600 புள்ளிகள். ஒவ்வொரு படத்துக்கும் இத்தனை புள்ளிகளுக்கு நிறம் கணக்கிடுவது கிராஃபிக்ஸ் கார்டின் வேலை. 3840 × 2160 திரையில் இந்த வேலை சரியாக 4 மடங்கு. உங்கள் திரை 60 ஹெர்ட்ஸ் என்றால், அது நொடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றும். கார்டு 150 படங்கள் வரைந்தாலும் அவற்றில் பெரும்பகுதியை நீங்கள் பார்க்கப்போவதில்லை. எனவே கார்டைத் திரைக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள்.

2. யார் யாருக்காகக் காத்திருக்கிறார்?

ரொட்டி சானாய் கடையைக் கவனித்திருப்பீர்கள். ஒருவர் மாவை வீசுகிறார்; இன்னொருவர் கல்லில் சுடுகிறார். சுடுபவர் மெதுவானவர் என்றால், வீசுபவர் எவ்வளவு வேகமாக வீசினாலும் தட்டுக்கு வரும் ரொட்டியின் எண்ணிக்கை கூடாது.

கணினியிலும் இதே கதைதான். கதாபாத்திரம் எங்கே நிற்கிறது, பந்து எதில் மோதியது என்பதையெல்லாம் செயலி கணக்கிடுகிறது. அதைப் படமாக்குவது கிராஃபிக்ஸ் கார்டு. ஒரு படத்துக்குச் செயலி 8 மில்லிநொடியும் கார்டு 20 மில்லிநொடியும் எடுத்தால், நொடிக்குக் கிடைப்பது 1000 ÷ 20 = 50 படங்கள். இரு மடங்கு வேகமான செயலியை வாங்கி 8-ஐ 4 ஆக்கினாலும் அதே 50தான். கூடுதல் ரிங்கிட் வீண். விளையாட்டுதான் நோக்கம் என்றால், நடுத்தரச் செயலியோடு நிறுத்திக்கொண்டு, பணத்தின் பெரும்பங்கைக் கார்டுக்கு ஒதுக்குங்கள்.

கார்டு வாங்கப் பணம் போதவில்லையா? ஏஎம்டி ரைசன் 5 5600ஜி போன்ற, படம் வரையும் பகுதி உள்ளேயே அமைந்த செயலியோடு தொடங்கலாம். கார்டைப் பின்னர் சேர்க்கலாம். பெயரின் முடிவில் ‘ஜி’ இல்லாத ரைசன் 5 5600-இல் அந்தப் பகுதி கிடையாது. அதைக் கார்டு இல்லாமல் பூட்டினால் திரையில் ஒன்றும் தெரியாது. ஓர் எழுத்துதான் வேறுபாடு. கவனமாகப் படித்து வாங்குங்கள்.

3. ஒன்றா, இரண்டா?

16 கிகாபைட் ராம் தேவையென்றால், ஒரே துண்டாக வாங்காமல் 8 கிகாபைட் துண்டுகளாக இரண்டு வாங்குங்கள். 3200 வேக டிடிஆர்4 துண்டு ஒன்று நொடிக்கு அதிகபட்சம் 25.6 கிகாபைட் தரவை அனுப்பும். இரண்டைச் சரியான இடங்களில் பொருத்தினால் 51.2. தனிக் கார்டு இல்லாத கணினி படம் வரையவும் இதே ராமைத்தான் பயன்படுத்துகிறது. அங்கே இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

4. ஏமாற்றும் எண்

பணம் குறையும்போது பலரும் முதலில் கைவைப்பது பவர் சப்ளையில்தான். விளையாட்டின் வேகத்தை அது கூட்டாதே என்று நினைக்கிறோம். ஆனால் வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்துக்கும் மற்ற எல்லாப் பாகங்களுக்கும் நடுவே நிற்பது அது ஒன்றே.

திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம். ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 132 வாட் தேவை. 12 வோல்ட்டில் அது 11 ஆம்பியர். ரைசன் 5 5600 செயலி உச்சத்தில் சுமார் 76 வாட் எடுக்கும். மற்றவற்றுக்கு 50 வாட் ஒதுக்கினால் மொத்தம் 258 வாட். திடீர் ஏற்றத்துக்கும் இடம் விட்டு, தரமான 450 அல்லது 500 வாட் பவர் சப்ளை வாங்கினால் போதும்.

‘தரமான’ என்பதை எப்படி அறிவது? பெட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரியைத் தேடுங்கள். முன்னால் ‘500 வாட்’ என்று இருக்கும். அந்த வரியில் 25 ஆம்பியர் என்று இருக்கலாம். 12 × 25 = 300. கார்டும் செயலியும் நம்பியிருப்பது இந்த 300-ஐத்தான். 12 வோல்ட் வரிகள் இரண்டு இருந்தால் அவற்றைக் கூட்டாதீர்கள். இரண்டும் சேர்ந்து தரக்கூடிய உச்ச அளவு தனியே வாட்டில் அச்சிடப்பட்டிருக்கும்.

‘80 பிளஸ்’ முத்திரை, உள்ளே போகும் மின்சாரத்தில் எவ்வளவு வெப்பமாக வீணாகிறது என்பதைப் பற்றியது. பாதுகாப்புக்கு அது உத்தரவாதம் அல்ல. மின்சுமை மிகும்போது தானே அணையும் பாதுகாப்பு உண்டா, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதையும் கடைக்காரரிடம் கேளுங்கள்.

எச்சரிக்கை: பவர் சப்ளையின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே உள்ள மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் அளவு மின்னூட்டம் தங்கியிருக்கலாம்.

5. எதில் சிக்கனம்?

வண்ண விளக்குகள், கண்ணாடிப் பெட்டி, விலை உயர்ந்த மதர்போர்டு ஆகியவற்றில் தாராளமாகக் குறைக்கலாம். காற்று நன்றாக உள்ளே வந்து வெளியேறும் சாதாரணப் பெட்டி போதும். எஸ்எஸ்டி விளையாட்டைச் சீக்கிரம் திறக்கும்; ஆனால் நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கையை அநேகமாகக் கூட்டாது. தேவையான கொள்ளளவு இருந்தால் போதும்.

செய்து பாருங்கள்

‘600 வாட்’ என்று எழுதிய ஒரு பவர் சப்ளையின் லேபிளில், 12 வோல்ட் வரி ஒன்றே ஒன்று: 30 ஆம்பியர். 170 வாட் கார்டு, 90 வாட் செயலி, மற்றவற்றுக்கு 50 வாட். இதை வாங்கலாமா?

விடை: 12 × 30 = 360 வாட். தேவை 310 வாட். மீதம் 50 மட்டுமே. திடீர் ஏற்றத்துக்கு அது போதாது. வேறொன்றைப் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது பணத்தோடு ஒரு கால்குலேட்டரையும் எடுத்துச் செல்லுங்கள்.