தேயிலையும் பங்குச் சந்தையும்

பங்குச் சந்தை கொழும்புச் செல்வர்க்கே உரிய களம். மலைநாட்டாராகிய நமக்கு அதனோடு யாது தொடர்பு என எண்ணுவோர் பலர். வரலாற்றை நோக்கின், அச்சந்தையின் வேர் நம் மலைச் சரிவுகளிலே ஊன்றியிருத்தலைக் காண்போம்.

1869இல் தோன்றிய இலைநோயால் இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் படிப்படியாக அழிந்தன. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட தேயிலை அவற்றின் இடத்தைப் பெற்றது. ஆயின், காடு வெட்டவும், கன்று நடவும், தொழிற்சாலை எழுப்பவும் முதலிலேயே பணம் வேண்டும். பலனோ சில ஆண்டுகள் கழிந்தே கிட்டும். தனியொருவரால் இயலாத இம்முதலைப் பலரிடமிருந்து திரட்டக் கூட்டுப் பங்குக் கம்பெனிகள் எழுந்தன. ஊர் கூடித் தேர் இழுப்பது போன்றதே இம்முறை. அப்பங்குகளை வாங்கவும் விற்கவும் 1896இல் கொழும்பிலே பங்குத் தரகர் சங்கம் அமைந்தது. இன்றைய கொழும்புப் பங்குப் பரிவர்த்தனைக்கு அதுவே முன்னோடி.

தேயிலை ஏலம் வேறு, பங்குச் சந்தை வேறு என்பதை மாணவர் மனங்கொள்க. 1883இல் கொழும்பில் தொடங்கிய ஏலத்தில் விற்கப்படுவது தேயிலை. பங்குச் சந்தையில் விற்கப்படுவது, அத்தேயிலையை விளைவிக்கும் கம்பெனியின் உரிமையில் ஒரு கூறு. பங்குடையவர் தம் பணத்தை மீளப்பெற விரும்பின், தோட்டத்தை விற்க வேண்டுவதில்லை. தம் பங்கைப் பிறர்க்கு விற்றால் போதும். உடையவர் மாறுவர், தோட்டம் நிலைக்கும். இவ்வசதி இருப்பதனாலேயே மக்கள் தம் சேமிப்பை அச்சமின்றித் தொழிலில் இடுவர். கடனையே நம்பி வாழவியலாத சிறிய தீவு ஒன்றுக்கு இஃது அரிய துணை.

சிறு தீவின் சந்தைக்குக் குறையும் உண்டு. வாங்குவோர் சிலரே ஆதலின், ஒருசிலர் விலகினும் விலை சரியும். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசு பொறுப்பேற்றபோது சந்தை ஒடுங்கியது. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022 ஏப்ரலில் சில நாள்கள் மூடப்பட்டது. ஆழமறியாமல் காலை விடாதே என்னும் முதுமொழி ஈண்டும் பொருந்தும். கடன்பட்டுப் பங்கு வாங்குதல் தகாது.

1992இல் அரசு தன் தோட்டங்களைப் பிராந்தியக் கம்பெனிகளின் முகாமையில் விட்டது. பின்னர் அக்கம்பெனிகளின் பங்குகள் சந்தைக்கு வந்தன. கொட்டகலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை என்னும் நம் ஊர்ப்பெயர்கள் பங்குப் பட்டியலில் ஏறின. அவ்வாறு கைமாறியபோது, பங்குகளில் 10 வீதம் ஊழியர்க்கு இலவசமாக ஒதுக்கப்பட்டது. நூறாண்டுக்கு மேலாக உழைப்பையே முதலாக இட்ட மக்கள், சிறிதளவேனும் உடைமையாளர் ஆயினர்.

ஆயின், பொருள் விளங்காதார் கையில் பங்குப் பத்திரம் வெறுந்தாளே. பங்கிலாபம் யாது, ஆண்டறிக்கை கூறுவது யாது, பொதுக்கூட்டத்தில் வாக்களிக்கும் உரிமை யாது என்பவற்றை அவர்க்கு எடுத்துரைப்பவர் யாவர்? லயங்களிலிருந்து நடந்து வந்து இக்கல்லூரியிற் கணக்கும் மொழியும் கற்றவர்க்கே அக்கடமை உரியது. பழைய மாணவர் தத்தம் தோட்டத்துக் கம்பெனியின் ஆண்டறிக்கையை ஒருமுறையேனும் பெற்று, அதனைப் பெற்றோர்க்கும் உற்றார்க்கும் தமிழிற் படித்து விளக்குவாராக. கொழுந்தின் நிறையைத் தராசில் நின்று சரிபார்க்க அறிந்த நம் மக்கள், தம் பங்கின் நிறையையும் அறிதல் வேண்டும்.